சி.ஆர். 1009 சப்-1 நெல் விதை: மூன்று சம்பா பயிரிட்ட பிறகு ஒரு மதிப்புரை

நாகப்பட்டினம் மாவட்டத்துக் கடைமடைப் பகுதியில் எங்களுக்குள்ள நான்கு ஏக்கரில் ஒன்றரை ஏக்கர், வடிகால் வாய்க்காலை ஒட்டிய பள்ளத்து வயல். ஐப்பசியிலோ கார்த்திகையிலோ மூன்று நான்கு நாள் விடாமல் மழை கொட்டினால், வாய்க்கால் நிரம்பித் தண்ணீர் எதிர்த்து ஏறி, பயிரின் நுனிகூடக் கண்ணுக்குத் தெரியாதபடி அந்த வயலை மூடிவிடும். என் தந்தையார் காலத்திலிருந்தே அங்கே நட்டதை அப்படியே பறிகொடுத்த ஆண்டுகள் பல. மறுநடவு செய்யலாம் என்றால் அந்த நேரத்தில் நாற்று கிடைக்காது. கிடைத்தாலும் பருவம் கடந்திருக்கும். இந்த நிலையில்தான் மூழ்கினாலும் பிழைக்கும் என்று சொல்லப்பட்ட சி.ஆர். 1009 சப்-1 விதையை வாங்கி, தொடர்ந்து மூன்று சம்பாப் பருவங்களில் பயிரிட்டேன். இரண்டு பருவங்கள் வெள்ளமின்றிக் கழிந்தன. ஒரு பருவத்தில் பயிர் பதினொரு நாள் முழுவதுமாக நீருக்குள் கிடந்தது. வாங்க நினைப்பவர்கள் முடிவெடுக்க உதவும் என்பதால், கண்டதையும் அதற்கான காரணமாகப் படித்தறிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

டெல்டாவில் சி.ஆர். 1009 யாருக்கும் புதிதல்ல. கட்டாக்கில் உள்ள, இப்போது தேசிய நெல் ஆராய்ச்சி நிலையம் எனப்படும், அன்றைய மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த ரகம். பொன்மணி என்ற பெயரிலும் சாவித்திரி என்ற பெயரிலும் வழங்குவது. ஏறத்தாழ 155 நாள் வயது, குட்டையான பருத்த அரிசி, சாயாத தண்டு, நம்பகமான விளைச்சல் என்பவையே அதன் குணங்கள். சப்-1 என்பது அதே ரகத்துக்குள் ஒரே ஒரு கூடுதல் குணத்தைப் புகுத்திய வடிவம். அந்தக் குணம் எஃப்.ஆர். 13ஏ என்ற பழைய ரகத்திலிருந்து வந்தது. ஒடிசா விவசாயிகள் வெள்ளப் பகுதிகளில் பயிரிட்டுவந்த தல்புட்டியா என்ற நாட்டு நெல்லிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டது அது. விளைச்சலும் அரிசியின் தரமும் சுமார்தான் என்றாலும், இரண்டு வாரம் நீருக்கடியில் கிடந்து எழுந்துவரும் ஆற்றல் அதற்கு உண்டு. அந்த ஆற்றல் 9ஆம் குரோமோசோமின் ஒரு சிறு பகுதியில் இருப்பதை 1996இல் கெனாங் ஷு, டேவிட் மேக்கில் என்ற ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அதற்குள் சப்1ஏ என்ற மரபணுதான் காரணம் என்பதை 2006இல் அவர்களோடு பமீலா ரொனால்ட், ஜூலியா பெய்லி-செர்ரஸ் ஆகியோரும் சேர்ந்த குழு வெளியிட்டது. அதன் பிறகு, அந்தப் பகுதியை மட்டும் அடையாளம் வைத்துப் பின்தொடர்ந்து, பழக்கப்பட்ட ரகங்களோடு மீண்டும் மீண்டும் கலப்புச் செய்து உருவாக்கப்பட்டவைதான் ஸ்வர்ணா சப்-1, சி.ஆர். 1009 சப்-1 போன்ற ரகங்கள். இது மரபணு மாற்றப் பயிரா என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். இல்லை. நெல்லோடு நெல்லை மகரந்தச் சேர்க்கை செய்து பெற்ற ரகமே இது. வீரிய ஒட்டு ரகமும் அல்ல என்பதால், கலப்பில்லாமல் பார்த்துக்கொண்டால் நம் விளைச்சலிலிருந்தே அடுத்த பருவத்துக்கு விதை எடுத்துக்கொள்ளலாம்.

விதை வாங்கும்போது ஒன்றில் கவனம் வேண்டும். சப்-1 விதையையும் சாதாரண சி.ஆர். 1009 விதையையும் கையில் வைத்துப் பார்த்து எவராலும் பிரித்தறிய முடியாது. நெல்மணி அச்சாக ஒன்றே. முதல் முறை நான் ஒரு தனியார் கடையில், சாக்கில் மையால் பெயரெழுதிய விதையைச் சொல்லை நம்பி வாங்கி, மேட்டு வயலின் ஒரு பகுதியில் நட்டேன். அதே பருவத்தில் நண்பர் ஒருவர் மூலம் கிடைத்த நீல நிறச் சான்றட்டை கட்டிய மூட்டையைப் பள்ளத்து வயலுக்கு வைத்துக்கொண்டேன். அட்டையில்லாத விதையில் ஐயம் ஏற்பட்டு, அடுத்த பருவத்தில் அதன் நாற்றுகளையும் சான்று விதை நாற்றுகளையும் தனித்தனித் தொட்டிகளில் வளர்த்து, பத்து நாள் தண்ணீருக்குள் அமுக்கி வைத்துப் பார்த்தபோதுதான், கடைக்காரர் விற்றது சாதாரண சி.ஆர். என்பது தெரிந்தது. வெள்ளம் வந்த பிறகு தெரிந்திருந்தால் அது ஓர் ஆண்டு உழைப்பின் விலையாக இருந்திருக்கும். ஆகவே நீல அட்டையுள்ள சான்று விதை அல்லது வெள்ளை அட்டையுள்ள ஆதார விதை தவிர வேறெதையும் இந்த ரகத்தில் வாங்க வேண்டாம். சான்று விதைக்குக் குறைந்தது 80 விழுக்காடு முளைப்புத்திறன் இருக்க வேண்டும் என்பது விதி; எனக்குக் கிடைத்தவை மூன்று முறையும் அதைவிட நன்றாகவே முளைத்தன.

இனி வெள்ளம் வந்த பருவத்துக்கு வருகிறேன். ஆவணி முதல் வாரத்தில் விதை விட்டு, புரட்டாசி நடுவில் நடவு முடித்து, ஐப்பசி மழையின்போது பயிர் தூர் கட்டிக்கொண்டிருந்தது. பள்ளத்து வயலில் வாய்க்கால் பக்கம் சப்-1. குறுக்கே ஒரு வரப்பு. அந்தப் பக்கம் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகவே அரை ஏக்கரில் பழைய சி.ஆர். 1009. இரண்டும் ஒரே இரவில் மூழ்கின. தண்ணீர் சற்றுத் தெளிந்த இரண்டாம் நாள் வரப்பில் குனிந்து பார்த்தபோது, நீருக்கடியில் இருந்த இலைகள் ஈயம் பூசியதுபோல வெள்ளியாக மின்னின. அது இலையின் மெழுகுப் பரப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய காற்றுப் படலம். வெளியுலகோடு இலைக்கு மிஞ்சியிருக்கும் தொடர்பு அதுதான். பகலில் நீரிலுள்ள கரியமில வாயுவையும் இரவில் ஆக்சிஜனையும் அந்தப் படலத்தின் வழியாகத்தான் இலை எளிதாக வாங்கிக்கொள்கிறது. ஆறாம் நாள் பார்த்தபோது அந்த மினுமினுப்பு மறைந்திருந்தது. இலைகளில் சேறு படிந்திருந்தது.

பயிர் வெள்ளத்தில் அழுகிவிட்டது என்று நாம் பொதுவாகச் சொல்கிறோம். அழுகல் கடைசியில் நடப்பது. அதற்கு முன்பே பயிருக்கு மூச்சு முட்டி, பிறகு கையிருப்புத் தீர்ந்து பட்டினியால் உயிர் போய்விடுகிறது. ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கும். நம் ஊர் வெப்பநிலையில் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்திருப்பது சுமார் 8 மில்லிகிராம்தான். அந்தச் சிறிதளவும் நீரின் ஊடாகப் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிடப் பத்தாயிரம் மடங்கு குறைவு. எனவே இலையும் தண்டும் வேரும் பயன்படுத்திவிட்ட ஆக்சிஜனுக்கு ஈடாகப் புதிது வந்து சேர்வதில்லை. செல்லுக்குள் இதன் விளைவு உடனே தெரிகிறது. ஆக்சிஜன் இருக்கும்போது ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து ஏ.டி.பி. என்னும் ஆற்றல் நாணயம் 30 வரை கிடைக்கும். ஆக்சிஜன் இல்லாதபோது நொதித்தல் வழியாக 2 மட்டுமே கிடைக்கும். கள் புளிக்கும்போது ஈஸ்ட் செய்வதைத்தான் மூழ்கிய நெற்பயிரின் செல்களும் செய்கின்றன: சர்க்கரை உடைந்து வரும் பைருவேட்டை அசிட்டால்டிஹைடாகவும், அதை எத்தனாலாகவும் மாற்றுகின்றன. இதில் லாபம் அந்த எத்தனால் அல்ல. சர்க்கரையை உடைக்கும் வேலை நிற்காமல் தொடரத் தேவையான என்.ஏ.டி. என்ற துணைப்பொருள் மீண்டும் கிடைத்துவிடுகிறது என்பதே செல்லுக்கு முக்கியம். ஆனால் அதே அளவு ஆற்றலுக்குப் பதினைந்து மடங்கு சர்க்கரை செலவாகிறது. குதிரிலிருந்த நெல் பதினைந்து மடங்கு வேகத்தில் தீர்ந்தால் ஒரு குடும்பம் எத்தனை நாள் தாங்கும் என்று கணக்கிட்டால், பயிரின் நிலை விளங்கும்.

இந்த நெருக்கடியைச் செல் எப்படி உணர்கிறது என்பதை நான் படித்தபோது வியப்பாக இருந்தது. செடிகளின் செல்களில் சில ஒழுங்குபடுத்தும் புரதங்கள், ஆக்சிஜன் இருக்கும்வரை, உருவாக உருவாக அழிக்கப்பட்டுக்கொண்டே இருக்கின்றன. அவற்றின் முனையில் உள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தோடு ஒரு நொதி ஆக்சிஜனைச் சேர்க்கிறது. அந்தக் குறி விழுந்த புரதத்தைச் செல்லின் சிதைவு அமைப்பு இழுத்துக்கொண்டு போய் உடைத்துவிடுகிறது. ஆக்சிஜன் குறைந்தவுடன் குறி விழுவதில்லை. புரதம் நிலைத்து நிற்கிறது. நிலைத்த புரதம் உட்கருவுக்குள் சென்று நொதித்தலுக்கான மரபணுக்களை இயக்குகிறது. இது 2011இல் அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் விளக்கப்பட்டது. நம் உடலிலும் கொள்கை இதேதான், ஆட்கள் மட்டும் வேறு: எச்.ஐ.எஃப். என்ற புரதத்தில் உள்ள புரோலின் என்ற அமினோ அமிலத்தின் மீது ஆக்சிஜன் குறி விழுந்தால் அது அழிகிறது, விழாவிட்டால் நிலைத்து நின்று சிவப்பணுப் பெருக்கத்துக்கும் புதிய இரத்தக் குழாய்களுக்கும் கட்டளையிடுகிறது. அதைக் கண்டறிந்த கிரெக் செமன்சா, பீட்டர் ராட்கிளிஃப், வில்லியம் கேலின் ஆகிய மூவருக்கும் 2019இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. மலையேறும் மனிதனின் செல்லும் மழையில் மூழ்கிய நெல்லின் செல்லும், அழிய வேண்டிய ஒரு புரதம் அழியாமல் இருப்பதைக் கொண்டே மூச்சுக் குறைவை அறிகின்றன.

ஆனால் அறிந்த பிறகு என்ன செய்வது என்பதில்தான் நெல் ரகங்கள் வேறுபடுகின்றன, இந்த விதையின் மதிப்பும் அங்கேதான் இருக்கிறது. ஏறக்குறைய எல்லாச் செடிகளும் எத்திலீன் என்ற வாயுவைச் சுரக்கின்றன. காற்றில் அது வெளியேறிவிடும். நீருக்கடியில் வெளியேற வழியின்றித் திசுக்களுக்குள் சேரும். சேர்ந்த எத்திலீன், சாதாரண நெல்லுக்கு, நீட்டிக்கொண்டு மேலே போய் மூச்சு வாங்கிக்கொள் என்ற கட்டளையாகிறது. ஜிப்பரெல்லின் என்ற வளர்ச்சி ஊக்கியின் தூண்டுதலால் இலையும் தண்டும் அவசரமாக நீள்கின்றன. நீர் மாதக்கணக்கில் நின்று மெல்ல உயரும் ஆழ்நீர்ப் பகுதிகளின் நெல்லுக்கு இது சரியான வழி. அந்த ரகங்களில் ஸ்நோர்க்கல் என்று பெயரிடப்பட்ட இரு மரபணுக்கள் இதைச் செய்வதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009இல் காட்டினார்கள். ஆனால் திடீரென வந்து, பத்துப் பன்னிரண்டு நாளில் வடிந்துவிடும் நம் வெள்ளத்தில், நீளும் முயற்சியிலேயே மாவுச்சத்து முழுவதும் செலவாகிவிடுகிறது. சப்1ஏ உள்ள பயிரோ அதே எத்திலீனைக் கேட்டு எதிர்முடிவை எடுக்கிறது. ஜிப்பரெல்லினுக்குக் கட்டுப்போடும் புரதங்களைப் பெருக்கி, நீட்சியை நிறுத்தி, மாவுச்சத்தை உடைக்கும் வேகத்தைக் குறைத்து, இலையின் பச்சையத்தைக் காப்பாற்றிக்கொண்டு, தண்ணீர் வடியும்வரை அசையாமல் இருக்கிறது. மேலே சொன்ன சிஸ்டீன் சிதைவிலிருந்து சப்1ஏ புரதம் தப்பித்துக்கொள்கிறது என்பதும் சோதனைகளில் காணப்பட்டுள்ளது.

பதினொராம் நாள் தண்ணீர் இறங்கியபோது இந்த இரண்டு முடிவுகளையும் அருகருகே கண்டேன். வரப்புக்கு அந்தப் பக்கம் பழைய சி.ஆர். வெளுத்து, மெலிந்து, முழங்கை நீளம் கூடுதலாக வளர்ந்து, தாங்கிப் பிடித்த நீர் போனவுடன் சேற்றோடு சேறாகப் படுத்துவிட்டது. இந்தப் பக்கம் சப்-1 மூழ்கிய அன்று இருந்த உயரத்திலேயே நின்றது. வெளி இலைகள் பழுப்பேறி நாற்றமடித்தாலும் நடுக்குருத்து விறைப்பாக இருந்தது. இரண்டிலும் ஒவ்வொரு குத்தைப் பிடுங்கி, அடித்தண்டை நகத்தால் கீறிப் பார்த்தேன். பழையதன் உள்ளே தவிட்டு நிறத்தில் கூழாகி, விரலில் வழவழப்பாக ஒட்டியது. சப்-1இன் தண்டு வெள்ளையாக, முறிக்கும்போது சத்தம் வருமளவு உறுதியாக இருந்தது. அதன் வேர்களில் துருப்பிடித்தது போன்ற செம்பழுப்புப் பூச்சு தெரிந்தது. தண்டிலுள்ள காற்றுத் திசுவின் துளைகள் வழியாக வேருக்கு இறங்கும் ஆக்சிஜன் கசிந்து, சேற்றிலுள்ள இரும்பைத் துருவாக்குவதால் வரும் பூச்சு அது. வேர் உயிரோடு மூச்சு விட்டிருக்கிறது என்பதற்குக் கண்ணெதிரே உள்ள சான்று.

இருந்தாலும் வயலைத் தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் செத்தது போலத்தான் இருந்தது. உழுதுவிட்டு உளுந்து தெளிக்கலாமா என்று நான் யோசித்துக்கொண்டு நின்றபோது, பக்கத்து வயல்காரர், எங்களுக்குப் பெரியப்பா முறை வேண்டும், வரப்போடு வந்து ஒரு குத்தைக் கிள்ளிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “குருத்து வரலை தம்பி. இழுத்தா கையோட வரணும், வரலை. பத்து நாள் பொறு, ஏரைக் கட்டிடாதே.” அவர் சொன்ன சோதனையை இந்த ரகம் வைத்திருக்கும் எல்லோருக்கும் சொல்வேன். நடுக்குருத்தை இழுத்தால் எதிர்ப்பின்றி உருவிக்கொண்டு வந்தால் பயிர் போய்விட்டது. பிடிவாதமாக நின்றால் உயிர் இருக்கிறது.

தண்ணீர் வடிந்த பிறகும் ஆபத்து முடிந்துவிடுவதில்லை என்பதை நான் முன்னர் அறிந்திருக்கவில்லை. நாள்கணக்கில் ஆக்சிஜனின்றிப் பழகிய செல்களுக்குள் அது திடீரெனப் பாயும்போது, ஆக்சிஜனின் வீரியமான வேதி வடிவங்கள் பெருகிச் சவ்வுகளையும் புரதங்களையும் தாக்குகின்றன. கூடவே, இன்னும் தேறாத வேர்கள் நீரை உறிஞ்ச முடியாமல் இலைகள் வெயிலில் வாடுகின்றன. சப்1ஏ இந்த இரண்டாம் தாக்குதலையும் ஓரளவு தாங்க உதவுகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. நாம் செய்யக்கூடியது, அந்த ஒரு வாரம் பயிரைத் தொந்தரவு செய்யாமல் இருப்பது. வடிந்த மறுநாளே யூரியாவைத் தூக்கிப் போட எனக்கும் கை துடித்தது. ஆனால் புது வெள்ளை வேரும் புது இலையும் கண்ட பிறகே, ஏழாம் நாள், யூரியாவோடு ஜிப்சமும் வேப்பம் பிண்ணாக்கும் கலந்து ஓர் இரவு வைத்து, காலையில் பொட்டாஷ் சேர்த்துத் தூவினேன். பத்தாம் நாளுக்குள் ஒவ்வொரு குத்திலும் இரண்டு மூன்று புதுத் தூர்கள் வந்துவிட்டன. வெள்ளத்துக்கு முந்தைய வாரம் மேலுரம் போட்டிருந்த ஒரு மூலையில் மட்டும் பயிர் மிக மோசமாகத் தேறியது. தழைச்சத்து மிகுந்த இளம் பயிரில் சேமிப்பு மாவுச்சத்து குறைவாக இருக்கும் என்பதால், மழை எச்சரிக்கை இருக்கும்போது யூரியா போடாமல் இருப்பதே இந்த விதைக்குச் செய்யும் பெரிய உதவி.

விளைச்சல்: அந்தப் பருவத்தில் சப்-1 ஏக்கருக்கு 60 கிலோ மூட்டையில் 23 தந்தது, அறுவடை பத்து நாள் தள்ளிப்போனது. வரப்புக்கு அந்தப் பக்கம், மேடாக இருந்த ஓரத்தில் தப்பியவற்றைத் தவிர ஒன்றும் இல்லை. வெள்ளமில்லாத இரண்டு பருவங்களிலும் சப்-1 எனக்கு ஏக்கருக்கு 35 மூட்டைக்குக் குறையவில்லை, பழைய சி.ஆருக்கும் அதற்கும் வேறுபாடு தெரியவில்லை. அரிசியும் அதேதான்: இட்லிக்கும் கஞ்சிக்கும் எங்கள் வீட்டில் இதைத்தான் ஊறவைக்கிறோம். பருத்த ரகம் என்பதால் கொள்முதல் நிலையத்தில் சன்ன ரகத்துக்கான விலை கிடைக்காது. அது தெரிந்தேதான் பயிரிட வேண்டும்.

இந்த விதையால் முடியாதவற்றையும் தெளிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் வெள்ளம் தாங்கும் ரகம் என்ற ஒரே சொல்லில் விற்பதால் பலர் ஏமாந்துபோகிறார்கள். முழங்காலுக்கு மேல் தண்ணீர் மாதக்கணக்கில் தேங்கும் வயலுக்கு இது ஏற்றதல்ல. அங்கே பயிர் நீண்டு தலைதூக்கியாக வேண்டும், இதுவோ அடங்கியிருக்கப் பழகியது. எங்கள் குளத்தடித் துண்டில் இதை நட்டு, தூர் குறைந்து, கதிர் சிறுத்து, பாதி விளைச்சல்கூடக் காணவில்லை. அது விதையின் குற்றமல்ல, என் தேர்வின் பிழை. நேரடி விதைப்பில் முளைக்கும் பருவத்தில் தண்ணீர் தேங்கினாலும் சப்1ஏ உதவாது. ஆக்சிஜனின்றி முளைப்பது வேறு மரபணுக்களைச் சார்ந்த வேறு திறன். பூக்கும் பருவத்தில் மூழ்கினால் எந்த ரகமும் பிழைத்து மணி பிடிப்பதில்லை, இதுவும் அப்படியே. இரண்டு வாரத்துக்கு மேல் மூழ்கினாலோ, நீர் கலங்கிச் சூடாக இருந்தாலோ இழப்பு வேகமாகக் கூடும். சேற்று நீரில் வெளிச்சம் இறங்காததால் பகலில் நடக்கும் சிறிதளவு ஒளிச்சேர்க்கையும் நின்றுவிடுகிறது, சூட்டில் சர்க்கரைச் செலவும் ஏறிவிடுகிறது. கடைசியாக, 155 நாள் வயது கடைமடைக்கு உண்மையான இடர்ப்பாடு. மேட்டூரிலிருந்து தண்ணீர் வந்து சேரத் தாமதமாகி விதைப்பு ஆவணி கடைசிக்குத் தள்ளிப்போனால், மழையின்போது பயிர் போதிய வயதில்லாத இளம் நாற்றாக இருக்கும். முதிர்ந்து சேமிப்புள்ள பயிர் தாங்குமளவு அது தாங்காது.

ஐந்து மதிப்பெண்ணுக்கு, திடீரென மூழ்கி இரண்டு வாரத்துக்குள் வடிந்துவிடும் வயல் உள்ளவர்களுக்கு நான் தயங்காமல் நாலரை தருவேன். வெள்ளமே வராத மேட்டு வயலுக்கு மூன்று. தேங்கும் குளத்தடிக்கு ஒன்றுகூட இல்லை. வரும் சம்பாவுக்குப் பள்ளத்து வயல் முழுவதையும் சப்-1க்கே ஒதுக்கிவிட்டேன். குறுக்கு வரப்புக்கு அந்தப் பக்கம் இருந்த அரை ஏக்கர் ஒப்பீடு இனித் தேவையில்லை. வெள்ளத்திலிருந்து எழுந்துவந்த பயிரில், கலப்பு நீக்கி, தனியாக அறுத்துக் காயவைத்த இரண்டு மூட்டை விதை நெல் இப்போது வீட்டுக் கூடத்தில் இருக்கிறது; பெரியப்பா ஒரு மூட்டை கேட்டிருக்கிறார்.